பார்க்கிங்கில் இன்னொருத்தர் இருக்கிறார்

கல்லூரி திறக்கிற முதல் நாள் காலையில் அல்மெந்த்ரா கல்லூரியின் பார்க்கிங்கைப் பார்ப்பவர்கள், படிப்பின் மேல் ஜனங்களுக்கு இவ்வளவு ஆசையா என்று மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். ஆசையெல்லாம் இரண்டு வாரத்துக்குத்தான். அதற்குப் பிறகு அங்கே பந்து விளையாடலாம், அவ்வளவு காலியாகிவிடும். முதல் நாளில் மட்டும் பெயர் பதிந்தவன், பதியாதவன், பதிந்துவிட்டு மறந்தவன், போன செமஸ்டரில் கோட்டை விட்டவன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்துவிடுவார்கள். அத்தனை பேரும் ஆளுக்கொரு காரில். ஃப்ரெஸ்னோ நகரத்துக்கு வெளியே பாதாம் தோட்டங்களுக்கு நடுவில் கொண்டுபோய்க் கல்லூரியைக் கட்டினால் வேறு எப்படி வருவார்களாம்? பஸ் ஒன்று வருகிறது என்று சொல்கிறார்கள். ஏறினவர்களை யாரும் பார்த்ததில்லை.

டெல்ஃபினா பராகான் மூன்றாவது சுற்றில் இருந்தாள். தோட்டங்களில் மரத்தை உலுக்கிப் பாதாம் உதிர்க்கிற காலம். காரின் கண்ணாடியெல்லாம் மாவு சலித்த மாதிரி புழுதி. ஏசியைக் கூட்டி வைத்தும் கழுத்தில் வியர்வை நிற்கவில்லை. அது வெயிலால் வந்த வியர்வை மட்டும் இல்லை.

விஷயம் இதுதான். பத்தொன்பது வயதில் இதே கல்லூரியில் ஒரு வருஷம் படித்தாள். அப்புறம் யெசெனியா வயிற்றில் வந்தாள், படிப்பு நின்றது. அன்றிலிருந்து கோழிக்கறித் தொழிற்சாலையில் வெட்டுகிற வரிசையில் நிற்கிறாள். தோள்பட்டை இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற வேலைக்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதில் சேர வேண்டும். அதற்கு ஜனவரியில் விண்ணப்பம் வாங்குவார்கள். உடற்கூறு வகுப்பு படிக்காதவர்கள் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இந்த செமஸ்டரில் அந்த வகுப்பு கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். ‘அடுத்த வருஷம்’ என்று இத்தனை காலமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த வார்த்தையைக் கேட்டால் எரிச்சல் வந்தது.

வகுப்போ நிரம்பிவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட்டில் இவள் முதல் ஆள். முதல் நாள் வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு லிஸ்ட்டில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, யாரோ ஒருத்தர் வராமல் இருந்தால் போதும். ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆக வேண்டியதில்லை, ஜலதோஷம் பிடித்தால்கூடச் சரிதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதற்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தருக்கு ஜலதோஷம் வேண்டும் என்று மாதாவிடம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

காலையில் சமையலறையில் மகள் யெசெனியா வேறு பாடம் எடுத்தாள். அவளும் இதே கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

“அம்மா, முன்வரிசையில உக்காராத. முதல் நாள் எங்க உக்கார்றியோ டிசம்பர் வரைக்கும் அதான் உன் எடம். யாரும் எழுதி வைக்கல, ஆனா அப்படித்தான். அப்புறம் கேள்வி கேட்டா பதில் சொல்லாத. தெரிஞ்சாலும் சொல்லாத.”

“தெரிஞ்சா சொல்றதுக்கு என்னடீ?”

“சொல்லாதன்னா சொல்லாத. சோள மாவுல தமாலே அவிச்சுக் கட்டி எடுத்துட்டுப் போயி பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஊட்டாத.”

“யாருக்கு ஊட்டுறேன்? பசின்னா ஒரு வாய் குடுக்கக் கூடாதா?”

“கூடாது. இன்னொண்ணு. எல்லாரையும் பேர் சொல்லச் சொல்லுவாங்க. உன்னைப் பத்தி அங்க யாருக்கும் தெரியாத ஒரு விஷயமும் சொல்லச் சொல்லுவாங்க.”

“அது எதுக்கு அவங்களுக்கு?”

“ஒண்ணுத்துக்கும் இல்ல. எல்லா கிளாஸ்லயும் முதல் நாள் இதான் நடக்கும். எதையாவது சொல்லிட்டு உக்காந்துக்கோ. கோழி மட்டும் வேணாம்.”

“கோழிக்கு என்ன வந்துச்சு? ஒரு முழுக் கோழியை எலும்பு வேற, கறி வேறயா நான் பிரிக்கிற வேகம் உனக்குத் தெரியுமா?”

“அதைத்தாம்மா வேணாங்கறேன்! செடி வளக்கப் பிடிக்கும்னு சொல்லு. எல்லாரும் அதான் சொல்லுவாங்க.”

“நம்ம வீட்டுல ஒரு செடி இல்லையேடீ.”

“அம்மா! கடைசியா ஒண்ணு சொல்லிடறேன். அங்க என்னைப் பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. ப்ளீஸ்.”

“உன்னைப் பெத்தவ நான்.”

“அதனாலதான்.”

பார்க்கிங்குக்கு வருவோம். முதல் நாளில் இடம் பிடிக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. கையில் சாவியோடு நடந்து வருகிறவனைப் பார்த்தால் அவன் பின்னாலேயே காரை மெல்ல உருட்டிக்கொண்டு போவார்கள். வேறு ஊராக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே அது மரியாதையான காரியம். இன்னும் விவரமானவர்கள், அந்த ஆளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவன் வண்டி பக்கத்தில் இறக்கிவிட்டு, அவன் கிளம்பியதும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். டெல்ஃபினா விவரமானவள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்த ஒரு பையன் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“காருக்கா தம்பி போறே?”

“ஆமா மேடம்.”

“ஏறிக்கோ.”

ஏறினான். ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கடைசி வரிசை வரைக்கும் வழி சொன்னான். இறங்கினான். தன் காரைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு ஸ்கேட் பலகையை எடுத்துக்கொண்டு, காரைப் பூட்டினான்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம்.”

“டேய், கிளம்பலையா நீ?”

“இல்லையே. காருக்குப் போறேன்னுதான் சொன்னேன்.”

பலகையில் ஏறி வழுக்கிக்கொண்டே போய்விட்டான். டெல்ஃபினா அவன் முதுகைப் பார்த்துத் தன் பாட்டன் ஊர் பாஷையில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். சொன்னதில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது.

வகுப்பு தொடங்க நேரமாகிவிட்டது. வெயிட்டிங் லிஸ்ட் ஆள் தாமதமாகப் போனால் பின்னால் இருப்பவருக்கு இடம் போய்விடும். அப்போதுதான் உடற்பயிற்சிக் கூடத்துப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் பின்னால் எடுத்தது. அதற்கு அந்தப் புறத்தில் ஒரு பழைய பச்சை பிக்கப் வண்டி இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு பொறுமையாக நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ. வெள்ளைக் கார் நேராகப் பின்வாங்கிப் பிக்கப்பின் வழியை அடைத்தது. டெல்ஃபினாவின் பக்கம் வழி திறந்தது. ஒரு நொடி. அவள் யோசிக்கவே இல்லை. உள்ளே புகுந்துவிட்டாள்.

அந்த ஊரில் பர்ஸைத் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள். இண்டிகேட்டர் போட்டு நிற்பவனின் இடத்தை எடுப்பது அதற்கும் மேலே.

பிக்கப்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஜன்னலிலிருந்து தாடியோடு ஒரு பெரிய தலை எட்டிப் பார்த்தது. ஐம்பது வயது இருக்கும்.

“ஏம்மா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எம்மாம் நேரமா நிக்கிறேன்!”

“ஸாரி” என்றாள் டெல்ஃபினா, தன் ஸ்டியரிங்குக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பையை எடுத்துக்கொண்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு பிக்கப்பைத் தாண்டி நடந்தாள். வண்டியின் பின்பக்கம் பூனைத் தீனி மூட்டைகள் கிடந்தன. முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு தடிப் புத்தகம், அட்டையில் தோல் உரித்த மனிதன் நிற்கிற படம். கண் இரண்டையும் பார்த்தது. புத்தி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஓடினாள்.

ஓடுவதும் எளிதாக இல்லை. முதல் நாள் என்றால் பாதிப் பேர் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, தேடுகிற கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வருவார்கள். மீதிப் பேர் வழியில் மேஜை போட்டுச் சங்கத்துக்கு ஆள் பிடிப்பார்கள். சதுரங்கச் சங்கத்துக்காரன் ஒருவன் அவள் கையில் பீட்சாத் துண்டைத் திணித்தான். வேண்டாம் என்று சொல்லவும் நேரமில்லாமல் தின்றுகொண்டே ஓடினாள். வாத்தியார்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். அடுத்த வாரம் அந்தச் சட்டையை யாரும் பார்க்கப் போவதில்லை.

உடற்கூறு வகுப்பில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன்வரிசையில் நட்டநடுவில் ஒன்று மட்டும் காலி. லிஸ்ட்டில் இருப்பவர்கள் கதவோரம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்ஃபினா போய்க் கடைசியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் குடம் அளவுக்குத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்த ஒரு பெண்.

“நான் ஹர்லீன்” என்றாள் அந்தப் பெண். “லிஸ்ட்ல ரெண்டாவது. நீங்கதான் முதல் ஆளா?”

“ஆமா.”

“ஒரு சீட்டு காலியா இருக்கு பாத்தீங்களா? அது உங்களுக்கு. எனக்கு வேற ஒருத்தர் ஓடணும். ஓடுவாங்க. பூனையைப் பாத்தா ரெண்டு பேராவது ஓடுவாங்கன்னு எங்கக்கா சொன்னா.”

“எந்தப் பூனை?”

“அறுக்கிற பூனைதான். செத்ததைப் பதப்படுத்தி, பைக்குள்ள வச்சு வருமாம். ஒரு மேசைக்கு ஒண்ணு.”

டெல்ஃபினா தோளைக் குலுக்கினாள். கோழியில் இல்லாதது பூனையில் என்ன இருந்துவிடப் போகிறது.

டாக்டர் தாவோ உள்ளே வந்தார். குள்ளமான பெண்மணி, குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராத ரகம். பெயர்களை வாசித்தார். வாசித்த வரைக்கும் எல்லாரும் இருந்தார்கள்.

“வெண்டல் ஹோல்காம்.”

பதில் இல்லை.

“வெண்டல்?”

டெல்ஃபினா மடிக்குள்ளேயே கையைக் கூப்பிக்கொண்டாள். மாதாவே, கைவிடவில்லை நீ. அந்த வெண்டல் நன்றாக இருக்கட்டும், ஜலதோஷம் இரண்டே நாளில் சரியாகட்டும், ஆனால் இன்று மட்டும் எழுந்திருக்க வேண்டாம்.

“சரி” என்றார் டாக்டர் தாவோ. “எல்லாரும் பேர் சொல்லுங்க. இங்க யாருக்கும் தெரியாத ஒரு விஷயமும் சொல்லுங்க. தரையில இருக்கிறவங்களும்தான். கடைசி ஆள் முடிக்கிறதுக்குள்ள வெண்டல் வரலேன்னா அந்த எடத்தைக் குடுத்துடுவேன். அதுக்கு முன்னாடி, இந்தப் புத்தகத்தை வாங்காதவங்க யாரு?”

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் தோல் உரித்த மனிதன் நின்றான்.

டெல்ஃபினா அந்த அட்டையையே பார்த்தாள். பச்சை பிக்கப், தாடி, கண்ணாடிக்குப் பின்னால் இதே ஆள் இதே மாதிரி நின்றது, எல்லாம் கண் முன்னால் வந்து வரிசையாக நின்றன.

“ஹர்லீன், இந்தப் புத்தகத்துக்கு வேற கிளாஸ் எதுவும் இருக்கா?”

“ராத்திரி ஒண்ணு இருக்கு. காலைல இது மட்டும்தான். ஏன்?”

“சும்மாதான்.”

முன்வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் பெண் தனக்குச் செடி வளர்க்கப் பிடிக்கும் என்றாள். இரண்டாவது ஆளுக்கும் செடி பிடித்தது. மூன்றாவது பையனுக்குச் செடியோடு நாயும் பிடிக்கும். ஒருவன் காதை ஆட்டத் தெரியும் என்று சொல்லி ஆட்டியும் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொருவன் எழுந்து, “என்னைப் பத்தி சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்” என்றான். “இதுவரைக்கும் கேட்டதுல இதுதான் புது விஷயம், உக்காரு” என்றார் டாக்டர் தாவோ.

யார் என்ன சொன்னார்கள் என்று டெல்ஃபினா காதில் விழவில்லை. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிடு என்றும் வேண்டினாள், வராதே என்றும் வேண்டினாள். வந்துவிட்டால் இவள் பாடு நிம்மதி, வாயைத் திறக்கவே வேண்டாம். வராவிட்டால் சீட்டு. இரண்டில் எதை மாதா கேட்பாள்? அந்த ஆள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம் இல்லையா? சீக்கிரம் வந்துதானே நின்றுகொண்டிருந்தார். ஒரு பார்க்கிங் இடம், என்ன பெரிய கொலையா? அவர் வேறு ஏதாவது வகுப்பு எடுத்துக்கொள்வார். அவருக்கு ஜனவரி விண்ணப்பம் இருக்குமா என்ன? இருந்தால்? தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. இருபது வருஷம் கழித்துப் படிக்க வந்த இடத்தில் வண்டி நிறுத்தின கதைக்கு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே.

தரைக்கு வந்துவிட்டார்கள். ஹர்லீன் தனக்கு மூன்று பாஷை தெரியும் என்றாள். மிச்சம் டெல்ஃபினா ஒருத்திதான். கதவு மூடியே இருந்தது. அவள் செடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது, நாற்காலி அவளுடையது.

எழுந்து நின்றாள்.

“என் பேரு டெல்ஃபினா. இங்க யாருக்கும் தெரியாத விஷயம்…” கதவை இன்னொரு தடவை பார்த்தாள். “அந்த வெண்டல் வந்துட்டார் டாக்டர். பார்க்கிங்ல சுத்திட்டிருக்கார்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“இல்ல. அவர் இண்டிகேட்டர் போட்டுட்டுக் காத்திருந்த எடத்துல நான் பூந்துட்டேன்.”

வகுப்பு மொத்தமும் “ஊ” என்றது. காதை ஆட்டினவன்கூட அவளை அருவருப்பாகப் பார்த்தான்.

“அவர்தான் வெண்டல்னு எப்படிச் சொல்றீங்க?”

“வண்டிக்குள்ள இந்தப் புத்தகம் இருந்துச்சு. பாத்தேன்.”

டாக்டர் தாவோ கையிலிருந்த தாளைப் பார்த்தார். “லிஸ்ட்ல முதல் ஆள் நீங்கதான?”

“ஆமா.”

“இதைச் சொன்னா எடம் உங்களுக்குக் கிடைக்காது. அது தெரியும்ல?”

“தெரியும். அதனாலதான் இவ்வளவு நேரம் வாயை மூடிட்டிருந்தேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். டெல்ஃபினாவால் சிரிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கே இன்னைக்கு எடம் கிடைக்கல” என்றார் டாக்டர் தாவோ. “வாத்தியார் பார்க்கிங்ல எந்த மகராசனோ நிறுத்தியிருந்தான். வெண்டலுக்காகக் கொஞ்சம் பொறுப்போம். பாடத்திட்டத்தை எடுத்துப் படிங்க.”

யாரும் படிக்கவில்லை. ஹர்லீன் குனிந்து காதருகே சொன்னாள்: “மேடம், நல்லவங்களா இருக்கிறதுக்கு உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா?”

கதவு திறந்தது. ஆள் வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்து, தாடியில் புழுதியோடு, மூச்சிரைக்க நின்றார். அவரேதான்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். வாய்க்காலுக்கு அந்தாண்ட சர்ச்சுல நிறுத்திட்டு ஓடி வரேன். யாரோ ஒரு பொம்பளை என் எடத்துல…”

வகுப்பில் அத்தனை தலையும் கதவோரம் தரையில் இருந்தவள் பக்கம் திரும்பின. டெல்ஃபினா ஹர்லீனின் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த பாட்டிலுக்கு அந்த அளவு ஏன் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. வெண்டல் எதையும் கவனிக்கவில்லை. போய் முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

முடிந்தது. அடுத்த வருஷம். டெல்ஃபினா பையின் ஜிப்பை இழுத்தாள். எழுந்து போகக் கால் வரவில்லை. நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்களை அவள் அப்போது பார்க்க விரும்பினாள்.

“ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லணும் வெண்டல்” என்றார் டாக்டர் தாவோ. “நீங்க மட்டும் பாக்கி.”

வெண்டல் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எண்ணெய்க் கிணத்துல வேலை பாத்தேன். முதுகு போயிடுச்சு. எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்குப் போலாம்னு வந்தேன். யாருக்கும் தெரியாத விஷயம்னா…” அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் வெட்கப்பட்டது. “வீட்டுல பூனை வச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்ல. தெருவுல எவனாவது விட்டுட்டுப் போனா மனசு கேக்காது, தூக்கிட்டு வந்துடுவேன். நானா பூனையான்னு பொண்டாட்டி கேட்டா. இப்ப அவ அவங்கம்மா வீட்டுல இருக்கா.”

சிரிப்பு கிளம்பிய வேகத்திலேயே அடங்கியது. யாரோ இருமினார்கள். டாக்டர் தாவோ கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“வெண்டல், பாடத்திட்டம் படிச்சீங்களா?”

“அதையெல்லாம் யாரு டாக்டர் படிக்கிறா?”

“மூணாவது பக்கம் பாருங்க.”

வெண்டல் புரட்டினார். உதடு அசைய வாசித்தார். திரும்பவும் வாசித்தார். முகத்தில் ஓடி வந்த சிவப்பெல்லாம் இறங்கிவிட்டது.

“இது நிஜப் பூனையா?”

“நிஜம்தான்.”

“எங்கேர்ந்து வருது?”

“அதை நீங்க கேக்காம இருக்கிறது உங்களுக்கு நல்லது.”

“படத்தைப் பாத்துப் படிச்சிக்கிறேனே?”

“இந்த கிளாஸ்ல முடியாது. அப்படி நடத்துற கல்லூரி இருக்கு. நானே விசாரிச்சுச் சொல்றேன்.”

வெண்டல் புத்தகத்தை மூடினார். “தேங்க்ஸ் டாக்டர். நான் கிளம்பறேன். என்னால ஆகாது” என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்து வந்தார். வந்தவர் நின்றார். தண்ணீர் பாட்டிலுக்கு மேலே இரண்டு கண் தெரிந்தது.

“நீயா!”

டெல்ஃபினா எழுந்து நின்றாள்.

“காலைல என் எடம். இப்ப என் நாற்காலியுமா?”

ஹர்லீன்தான் பொறுக்காமல் எழுந்தாள். “சார், அவங்க வாயைத் திறக்கலேன்னா அந்தச் சீட்டு அப்பவே அவங்களுக்குத்தான். நீங்க பார்க்கிங்ல சுத்துறீங்கன்னு சொல்லி, உங்களுக்காகக் காத்திருக்க வச்சதே அவங்கதான்.”

வெண்டல் ஹர்லீனைப் பார்த்தார், டெல்ஃபினாவைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

“நீ சொன்னியா? எனக்காகவா?”

“ஆமா. ஸாரி. காலைல பண்ணினது தப்பு.”

“அட என்னம்மா நீ! பேசாம இருந்திருக்கக் கூடாது? எடம் போயிடுச்சு போய்யான்னு துரத்தியிருப்பாங்க. உன்னைத் திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த மூணாம் பக்கத்தை நான் பாத்தே இருக்க மாட்டேன். இனிமே ராத்திரி எப்படித் தூங்குறது?”

முதலில் டாக்டர் தாவோதான் சிரித்தார். அப்புறம் எல்லாரும். கடைசியில் வெண்டலே சிரித்துவிட்டார்.

“சரி, போய் உக்காரு. நாற்காலி கொஞ்சம் ஈரமா இருக்கும், நீ ஓட விட்டதுதான்.”

டெல்ஃபினாவின் பையில் போன் அதிர்ந்தது. யெசெனியா எழுதியிருந்தாள்: ‘அம்மா, எடமே இல்ல. அரை மணியா சுத்தறேன். கிளாஸ் போயிடும். எங்க நிறுத்தினே?’ அம்மாவைத் தெரியாதவள் அனுப்பின செய்தி இது. டெல்ஃபினா கதவைத் தாண்டப் போனவரைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம் இருங்க. இந்த வெயில்ல சர்ச்சு வரைக்கும் நடக்க வேணாம். என் பொண்ணு வெளிய சுத்திட்டிருக்கா. உங்களைக் கொண்டுபோய் உங்க வண்டிகிட்ட விடுவா. உங்க எடத்தை அவளுக்குக் குடுங்க.”

“மறுபடியும் என் எடமா?” என்றார் வெண்டல். “சரி, எந்த வண்டி?”

“சிவப்பு கார். பேரு யெசெனியா. நான் அவங்கம்மான்னு சொல்லுங்க. இல்லேம்பா, நம்பாதீங்க.”

அவர் போனதும் டாக்டர் தாவோ ஒரு துண்டுத் தாளில் சேர்க்கை எண்ணை எழுதி நீட்டினார். டெல்ஃபினா போய் முன்வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்து, அந்த எண்ணைப் போனில் போட்டாள். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று வந்தது. ஒரு தடவை படித்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை படித்தாள். நாற்காலி நிஜமாகவே ஈரமாகத்தான் இருந்தது. அது அவளுக்கு உறைக்கவில்லை. எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம், அது போதும் அவளுக்கு. டிசம்பர் வரை அதில் உட்கார வேண்டுமே.

“டெல்ஃபினா” என்றார் டாக்டர் தாவோ. “நீங்க அப்ப சொன்னது வெண்டல் விஷயம். உங்க விஷயம் இன்னும் பாக்கி.”

செடி என்று சொல்லத்தான் நினைத்தாள். மகள் படித்துப் படித்துச் சொன்னாளே. ஆனால் ஒரு காலையில் எத்தனை உண்மையைத்தான் அடக்கி வைப்பது?

“கோழிக்கறித் தொழிற்சாலையில வேலை பாக்கறேன். முழுக் கோழியைக் குடுத்தா, நீங்க உங்க பேரை எழுதி முடிக்கிறதுக்குள்ள எலும்பு வேற, கறி வேறயா வச்சிடுவேன்.”

முன்வரிசை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. செடிக்காரர்கள் மூன்று பேரும் தங்கள் மேசைக்கு வரும்படி ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

“எல்லாரும் பின்னாடி போங்க!” தரையிலிருந்து ஹர்லீன் கத்தினாள். “மேடம், நான் உள்ள வந்துட்டா நீங்களும் நானும் ஒரே பூனை. இப்பவே சொல்லிட்டேன்!” சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலிப் பையன் பக்கம் எட்டி, பதப்படுத்திய பூனையின் நாற்றம் மூன்று நாள் தலைமுடியை விட்டுப் போகாதாமே என்று கவலையாக விசாரிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அதிர்ந்தது.

‘எடம் கிடைச்சிடுச்சு. ஆனா இந்த அங்கிள் கார்ல ஏறினதுல இருந்து மூணாம் பக்கம் மூணாம் பக்கம்னு அழுதுட்டே வந்தாரு. உன் பேரை வேற சொல்றாரு. அம்மா, என்ன பண்ணினே நீ?’

டாக்டர் தாவோ பலகையில் எழுதத் திரும்புகிற வரை பொறுத்திருந்து, டெல்ஃபினா மடியில் போனை வைத்துக்கொண்டு பதில் அடித்தாள்.

‘முன்வரிசையில உக்காந்துட்டேன்.’